காணாமல் போனவரும் அடையாளம் தெரியாத உடலும்: துப்புத் துலங்காத வழக்குகள் பற்றி ஓர் எளிய விளக்கம்

ஒரு கொலையோ ஒருவர் காணாமல் போனதோ காவல் நிலையத்தில் பதிவாகி, விசாரணை நடந்து, சாட்சிகளும் தடயங்களும் காட்டிய வழியெல்லாம் தேடியும் விடை கிடைக்காமல் நின்றுவிட்டால், அதைத் துப்புத் துலங்காத வழக்கு என்கிறோம். இத்தனை ஆண்டுகள் கடந்தால்தான் ஒரு வழக்கு இந்த வகையில் சேரும் என்று நம் சட்டம் எங்கும் வரையறுக்கவில்லை. ஆண்டுகள் பல ஓடிவிட்டன என்ற காரணத்தைச் சொல்லி ஒரு கொலை வழக்கைக் கைவிடவும் முடியாது. மூன்று ஆண்டுக்கு மேல் சிறைத்தண்டனை விதிக்கத்தக்க குற்றங்களுக்கு நம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் காலவரம்பே இல்லை. ஆகவே முப்பது ஆண்டுக்கு முந்தைய கொலையானாலும் சட்டத்தின் கண்ணில் அது உயிரோடு இருக்கும் வழக்குதான். ஓய்ந்துபோவது விசாரணை மட்டுமே.

அது ஏன் ஓய்ந்துபோகிறது என்பதை எல்லை வட்டாரத்தில் வாழும் தமிழர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாக அறிந்திருக்க வேண்டும். செங்கோட்டையிலிருந்து புளியரை, கோட்டைவாசல், ஆரியங்காவு, தென்மலை வழியாகப் புனலூருக்குப் போகும் சாலையில் நாள்தோறும் ஆட்கள் கட்டட வேலைக்கும் ரப்பர்த் தோட்டத்துக்கும் ஓட்டல் வேலைக்கும் போய்வருகிறார்கள்; காய்கறி லாரிகள் இரவெல்லாம் ஏறி இறங்குகின்றன. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூரோடும் பிறகு திரு-கொச்சியோடும் இருந்த ஊர் என்பதால், கொண்டுகொடுத்த உறவுகளும் மலையின் இரு பக்கத்திலும் உண்டு. ஆனால் காவல்துறை இரண்டு. கோப்புகள் எழுதப்படும் மொழி இரண்டு. உயர் நீதிமன்றமும் இரண்டு. குமுளி, வாளையார், களியக்காவிளை ஆகிய இடங்களிலும் இதே நிலைதான். ஒரு மாநிலத்தில் ஆள் இல்லாத பெயர் ஒன்று கோப்பில் இருக்கும். மற்ற மாநிலத்தில் பெயர் இல்லாத உடலோ, தன் பெயரைச் சொல்லத் தெரியாத மனிதரோ வேறொரு கோப்பில் இருப்பார். இந்த இரண்டு கோப்புகளும் சந்திக்காத வரையில் இரண்டுமே துலங்காத வழக்குகளாகக் கிடக்கும். துப்புத் துலங்காத வழக்கு என்றதும் தடயமே விடாத தந்திரசாலிக் குற்றவாளி ஒருவனைக் கற்பனை செய்துகொள்கிறோம். இந்த வட்டாரத்தைப் பொறுத்தவரை, அப்படிப்பட்டவனைவிடச் சேராமல் போன இரண்டு காகிதங்களே பெரிய தடை என்பது என் உறுதியான கருத்து.

முதல் கோப்பு எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்போம். தமிழ்நாட்டில் புகார் கொடுத்தால் ‘ஆண் காணவில்லை’, ‘பெண் காணவில்லை’, ‘சிறுமி காணவில்லை’ என்பது போன்ற தலைப்பில் முதல் தகவல் அறிக்கை பதிவாகும். கேரளத்தில் 2011ஆம் ஆண்டின் கேரளக் காவல் சட்டம் 57ஆம் பிரிவின் கீழ் அது பதிவாகும். காணாமல் போனவரைத் தேடுவது காவல்துறையின் கடமை என்று அந்தப் பிரிவே சொல்கிறது. 24 மணி நேரம் காத்திருந்த பிறகுதான் புகார் கொடுக்க வேண்டும் என்ற நம்பிக்கை ஊரெங்கும் பரவியிருக்கிறது. அப்படி எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அந்த முதல் நாளில்தான் பேருந்து நடத்துநரின் நினைவிலும் டீக்கடைக்காரரின் நினைவிலும் அந்த முகம் அழியாமல் இருக்கும்.

புகாரைப் பெற்றுக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து அனுப்புவது தமிழ்நாட்டில் பலருக்கும் பழக்கமான அனுபவம். அந்த ரசீது, மனு வந்து சேர்ந்தது என்பதற்கான ஒப்புகை. அது முதல் தகவல் அறிக்கை ஆகாது. கைது செய்யத்தக்க குற்றம் நடந்திருப்பதாகத் தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கையைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் பச்பன் பசாவ் ஆந்தோலன் என்ற குழந்தைகள் உரிமை அமைப்பு தொடர்ந்த வழக்கில், காணாமல் போனது குழந்தை என்றால் அது கடத்தலாக இருக்கக்கூடும் என்ற எண்ணத்தோடு தொடக்கத்திலேயே வழக்குப் பதிய வேண்டும் என்றும், நான்கு மாதத்துக்குள் கண்டுபிடிக்காவிட்டால் அதை ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவுக்கு அனுப்பலாம் என்றும் நீதிமன்றம் வழி வகுத்தது.

எந்த ஊரில் புகார் கொடுப்பது என்ற கேள்வி எல்லைக் குடும்பங்களை நெடுங்காலமாக அலைக்கழித்து வந்திருக்கிறது. வீடு செங்கோட்டையில், வேலை கொல்லத்தில், கடைசியாகப் பார்த்தது புனலூர் பேருந்து நிலையத்தில் என்றால், ஒவ்வொரு நிலையமும் அடுத்ததைக் கைகாட்டிவிட இடமுண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலை எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம் என்று தெளிவாகச் சொல்கிறது. இதைத்தான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பார்கள். பதிந்த நிலையம் அதை உரிய நிலையத்துக்கு அனுப்பிவைக்க வேண்டும். இந்த ஏற்பாட்டைத் தெரிந்து வைத்திருப்பவர், வீட்டுக்கு அருகில் இருக்கும் நிலையத்திலேயே நின்று பேச முடியும்.

காணாமல் போகிறவர்கள் எல்லாரும் குற்றத்துக்குப் பலியானவர்கள் அல்லர் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். வீட்டில் சண்டையிட்டுப் போனவர், விரும்பியவரோடு போனவர், கடன் நெருக்கடியில் ஊரைவிட்டுப் போனவர், மறதி நோயால் வழி தவறிய முதியவர், சபரிமலைக் கூட்டத்தில் குழுவைத் தவறவிட்டவர் என்று பலர் இருக்கிறார்கள். பலர் திரும்பியும் வருகிறார்கள். வயது வந்த ஒருவர் தம் விருப்பத்தின்பேரிலேயே போனதாகச் சொன்னால், அவரை வீட்டுக்குக் கட்டாயப்படுத்தி அனுப்பும் உரிமை காவல்துறைக்கு இல்லை. விசாரணையின் தொடக்கத்தில் ‘தானாகவே வந்துவிடுவார்’ என்ற எண்ணம் காவலர்களிடம் எழுவதற்கும் இதுவே காரணம். அந்த எண்ணம் பல நேரங்களில் சரியாகவும் இருக்கிறது. தவறாகப் போகும் சில நேரங்களில், இழந்த நாட்களைத் திரும்பப் பெற வழியில்லை.

இனி இரண்டாவது கோப்பு. அடையாளம் தெரியாத உடல் ஒன்று கிடைத்தால், பழைய சட்டத்தின் 174ஆம் பிரிவாக இருந்து இப்போது புதிய சட்டத்தின் 194ஆம் பிரிவாகியிருக்கும் விதியின்படி பிரேத விசாரணை நடக்கும். உடல் கிடந்த நிலை, காயங்கள், உடைகள், கையிலிருந்த பொருட்கள் எல்லாம் பஞ்சாயத்தார் முன்னிலையில் எழுதப்படும். பிறகு பிரேதப் பரிசோதனை நடக்கும். புகைப்படத்தோடு அறிவிப்பு வெளியாகும். உடல் சிறிது காலம் சவக்கிடங்கில் வைக்கப்படும். யாரும் வராவிட்டால் அடக்கம் செய்யப்படும். அத்தகைய உடலை எரிக்காமல் புதைப்பதே சரி. பின்னொரு நாள் உறவினர் வந்தால் தோண்டி எடுத்துச் சோதிக்க எலும்பும் பல்லும் இருக்கும்.

மலையும் நீரும் மாநில எல்லையைப் பார்ப்பதில்லை. நீலகிரியில் பிறக்கும் பவானி, கேரளத்தின் அட்டப்பாடிக்குள் நுழைந்து முக்காலி அருகே திரும்பி மீண்டும் தமிழ்நாட்டுக்கு வருகிறது. ஆழியாற்று நீர் சித்தூர்ப்புழை வழியாகப் பாரதப்புழையில் சேர்கிறது. ஓர் ஊரில் நீரில் விழுந்தவரின் உடல் அடுத்த மாநிலத்தின் கரையில் ஒதுங்குவது இந்த ஆறுகளில் நடக்கக்கூடியதுதான். கொல்லம்–செங்கோட்டை ரயில் பாதையிலோ பாலக்காட்டுக் கணவாயின் பாதையிலோ உடல் கிடந்தால், ரயில்வே போலீஸ் என்ற மூன்றாவது நிர்வாகமும் சேர்ந்துகொள்கிறது. காணாமல் போனவரின் குடும்பம் உள்ளூர் நிலையத்தில் மட்டும் விசாரித்துவிட்டுத் திரும்பினால், ரயில்வே போலீஸின் பதிவேட்டில் இருக்கும் புகைப்படத்தைப் பார்க்காமலே போய்விட நேரும்.

பெயர் தெரியாதவர் உயிரோடு இருக்கும் நிலையும் உண்டு. அதைப் பற்றி மிகக் குறைவாகவே பேசுகிறோம். மனநலம் குன்றி, மொழி புரியாத ஊரில் அலைந்துகொண்டிருப்பவரைக் காவல்துறை பாதுகாப்பில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் 100ஆம் பிரிவு சொல்கிறது. வீடற்று அலையும் அத்தகையவர் பொருட்டு ‘காணாமல் போனவர்’ என்ற முறையில் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும் என்பதும், அவருடைய குடும்பத்தைத் தேடுவது நிலைய அதிகாரியின் கடமை என்பதும் அந்தப் பிரிவிலேயே இருக்கின்றன. இந்தப் பிரிவை எல்லையின் இரு பக்கத்திலும் ஒழுங்காகச் செயல்படுத்தினால், இன்று காப்பகங்களில் இருக்கும் எத்தனையோ பேரின் வீட்டு முகவரி தெரிந்துவிடும் என்று நான் நம்புகிறேன்.

இந்தக் கோப்புகளைச் சேர்த்துவைக்கத்தான் சி.சி.டி.என்.எஸ். என்ற நாடு தழுவிய காவல்துறைக் கணினி வலையமைப்பு இருக்கிறது. ஆனால் கணினி, உள்ளே போட்டதைத்தான் திருப்பித் தரும். ‘மாநிறம், நடுத்தர உயரம், நீல நிறச் சட்டை’ என்று எழுதினால் ஆயிரம் பேர் பொருந்துவார்கள். குடும்பத்தார் சொல்ல வேண்டிய செய்திகள் வேறு. எந்தப் பல் பிடுங்கப்பட்டது, எந்தப் பல்லுக்குச் சொத்தை அடைத்தார்கள், எலும்பு முறிவுக்குத் தகடு வைத்தார்களா, பச்சை குத்தியிருந்தால் எங்கே என்ன எழுத்து, சட்டைக் கழுத்துப் பட்டையில் எந்த ஊர்த் தையல்காரரின் முத்திரை என்பவைதாம் உடல் அழுகிய பிறகும் மிஞ்சி நின்று பேசும். கல்யாண ஆல்பத்தில் இருந்து இருபது வயதுப் படத்தை எடுத்துக் கொடுப்பதைவிட, கடந்த மாதம் கைபேசியில் எடுத்த ஒழுங்கற்ற படம் மேலானது. பல் தெரியச் சிரிக்கும் படம் இன்னும் மேலானது.

எலும்பு மட்டுமே கிடைத்தால் மரபணுச் சோதனைதான் துணை. தொடை எலும்பிலிருந்தும் கடைவாய்ப் பல்லிலிருந்தும் மரபணுவை எடுத்து, பெற்றோரோடும் பிள்ளைகளோடும் ஒப்பிடுவார்கள். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் நடந்த நிலச்சரிவுக்குப் பிறகு, அடையாளம் தெரியாத உடல்களையும் உடற்பாகங்களையும் எண் இட்டுப் புத்துமலையில் அடக்கம் செய்து, மரபணு முடிவு வந்தபின் உறவினருக்குத் தெரிவித்த முறையைக் கேரளம் கண்டது. ஆனால் ஒப்பிட யாராவது ஒருவர் இரத்த மாதிரி கொடுத்திருக்க வேண்டும். கிடைத்த எலும்பையும் தேடும் தாயையும் தானாகவே இணைத்துப் பார்க்கும் தேசிய மரபணுத் தரவகம் நம் நாட்டில் இல்லை. அதற்காக 2019இல் மக்களவையில் கொண்டுவந்த மசோதா 2023இல் திரும்பப் பெறப்பட்டது. தனியுரிமை குறித்து அப்போது எழுந்த அச்சங்கள் நியாயமானவையே. ஆயினும் காணாமல் போனோரின் குடும்பத்தார் விரும்பிக் கொடுக்கும் மாதிரிகளுக்கு மட்டுமாவது தனியான ஏற்பாடு ஒன்று வேண்டும்.

அடையாளம் காண்பது எவ்வளவு முக்கியம் என்பதைக் கேரளத்தின் சுகுமாரக் குறுப்பு வழக்கைவிடத் தெளிவாக எதுவும் உணர்த்தாது. 1984 ஜனவரியில் மாவேலிக்கரை அருகே வயலில் எரிந்துகிடந்த அம்பாசடர் காரில் கருகிய உடல் ஒன்று இருந்தது. கார் வளைகுடா நாட்டில் வேலை பார்த்துவந்த சுகுமாரக் குறுப்புடையது. ஆகவே இறந்தவரும் அவரே என்று முதலில் கருதப்பட்டது. ஆனால் உடற்கூறு பரிசோதனையில் மூச்சுக்குழாயில் புகைக்கரி இல்லை. உயிரோடு தீயில் சிக்கியவர் புகையை உள்ளிழுத்திருப்பார்; கரி இல்லை என்றால், எரிவதற்கு முன்பே உயிர் போயிருக்கிறது. விசாரணை அங்கிருந்து திசை மாறியது. இறந்தவர், திரைப்பட நிறுவனப் பிரதிநிதியாக வேலை பார்த்த சாக்கோ. இரவில் வீடு திரும்ப வண்டிக்குக் காத்திருந்தவரைக் காரில் ஏற்றிக் கொன்று, குறுப்பு இறந்துவிட்டதாகக் காட்டிக் காப்பீட்டுப் பணம் பெறுவதற்காக எரித்திருந்தார்கள். உடந்தையாக இருந்த இருவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. குறுப்பு நாற்பது ஆண்டு கடந்தும் அகப்படவில்லை. இறந்தவர் யார், எதற்காகக் கொன்றார்கள் என்பதெல்லாம் துலங்கிய பிறகும், முதன்மைக் குற்றவாளி கிடைக்காததால் முடியாமல் நிற்கும் வழக்கு இது. ஒரு வீட்டில் காணாமல் போன சாக்கோவையும், இன்னொரு வீட்டார் தம்முடையது என்று சொன்ன உடலையும் சேர்த்துப் பார்க்காமல் விட்டிருந்தால், சாக்கோவின் பெயர் இன்றும் காணாமல் போனோர் பட்டியலில்தான் இருந்திருக்கும்.

காலம் தடயங்களை அழிக்கும் வேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடைகளின் கண்காணிப்புக் கேமராப் பதிவுகள் சில வாரங்களில் புதிய பதிவுகளால் அழிந்துவிடும். கைபேசி அழைப்பு விவரங்களைத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் விதி திருத்தப்பட்டது. அதற்கு முன் ஓர் ஆண்டுதான். எல்லைப்பகுதியில் இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழ்நாட்டு மண்ணில் நிற்கும் கைபேசி கேரளக் கோபுரத்தோடு இணைந்துகொள்ளும். கேரளத்தில் நிற்பது தமிழ்நாட்டுக் கோபுரத்தோடு இணையும். அழைப்புப் பட்டியலில் இருக்கும் கோபுரத்தின் பெயரை அப்படியே நம்பி, ‘அவர் அந்த மாநிலத்துக்குப் போய்விட்டார்’ என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

தடயம் அழிந்த பின்னும் வழக்கு எப்படிப் பிழைத்திருக்கும் என்பதற்குச் சிஸ்டர் அபயா வழக்கு சான்று. 1992 மார்ச் 27 அன்று கோட்டயத்தில் ஒரு கன்னியர் மடத்துக் கிணற்றில் அவருடைய உடல் கிடைத்தது. உள்ளூர்க் காவல்துறையும் கிரைம் பிராஞ்சும் அதைத் தற்கொலை என்றன. 1993இல் சி.பி.ஐ. ஏற்றது. அவருடைய உடைகள் உட்பட முக்கியமான பொருட்கள் அதற்குள் அழிக்கப்பட்டிருந்தன. வழக்கை முடித்துக்கொள்ள அனுமதி கேட்டு சி.பி.ஐ. ஒன்றுக்கு மேற்பட்ட முறை அறிக்கை கொடுத்தது. நீதிமன்றம் ஒவ்வொரு முறையும் ஏற்க மறுத்து மேலும் விசாரிக்கச் சொன்னது. 2008இல் கைதுகள் நடந்தன. 2020 டிசம்பரில், 28 ஆண்டுகளுக்குப் பிறகு, ஒரு பாதிரியாரும் ஒரு கன்னியாஸ்திரீயும் குற்றவாளிகள் என்று திருவனந்தபுரம் சி.பி.ஐ. நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த இரவில் திருடுவதற்காக மடத்துக்குள் நுழைந்த ஒருவரின் சாட்சியம் அதில் முக்கியமாக இருந்தது. 2022 ஜூனில் கேரள உயர் நீதிமன்றம், மேல்முறையீடு நிலுவையில் இருக்கையில் தண்டனையை நிறுத்திவைத்து இருவருக்கும் ஜாமீன் வழங்கியது.

இந்த வழக்கிலிருந்து சாதாரணக் குடும்பம் ஒன்று அறிந்துகொள்ள வேண்டிய நடைமுறை இதுதான். ‘கண்டுபிடிக்க முடியவில்லை’ என்று காவல்துறை இறுதி அறிக்கை கொடுத்தாலும், நீதிமன்றம் அதை ஏற்பதற்கு முன் புகார் கொடுத்தவருக்கு அறிவிப்பு அனுப்பி அவர் சொல்வதைக் கேட்க வேண்டும் என்று 1985இலேயே பகவந்த் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. அந்த அறிவிப்பு வீட்டுக்கு வந்தால், அதைப் படிக்காமல் பெட்டியில் வைத்துவிடக் கூடாது. எதிர்ப்பு மனு போடும் வாய்ப்பு அதில்தான் இருக்கிறது. அறிக்கை கொடுத்த பிறகும் புதிய சான்று கிடைத்தால் மேல்விசாரணை நடத்தலாம் என்று புதிய சட்டத்தின் 193ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது.

புதிய சான்று எதிர்பாராத இடத்திலிருந்தும் வரும். 2006 பிப்ரவரியில், புனலூருக்கு அருகே உள்ள அஞ்சலில் ஓர் இளம்பெண்ணும் பிறந்து 17 நாளே ஆன அவருடைய இரட்டைக் குழந்தைகளும் கொல்லப்பட்டார்கள். தேடப்பட்ட இரண்டு முன்னாள் ராணுவ வீரர்களும் மறைந்துவிட்டார்கள். பழைய புகைப்படங்களைச் செயற்கை நுண்ணறிவின் துணையோடு வயதேற்றி, இன்று அவர்கள் எப்படி இருப்பார்கள் என்று உருவாக்கிய படங்களைச் சமூக ஊடகப் படங்களோடு கேரளக் காவல்துறை ஒப்பிட்டது. 2025 ஜனவரியில், வேறு பெயர்களில் புதுச்சேரியில் வாழ்ந்துவந்த இருவரையும் சி.பி.ஐ. கைது செய்தது. குற்றத்தை நீதிமன்றம்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனாலும் 19 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு புகைப்படத்தை யாரோ பத்திரமாக வைத்திருந்ததால்தான் இந்தத் தேடல் நடக்க முடிந்தது.

உடலே கிடைக்காத வழக்குகள் வேறு வகை. உடல் கிடைத்தே தீர வேண்டும் என்ற நிபந்தனை கொலை வழக்குக்கு இல்லை என்று 1981இல் ராமானந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. மற்றச் சான்றுகள் ஐயமின்றி நிறுவினால் போதும். இருந்தும் உடல் இல்லாத துயரம் தனியானது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மார்ச் 1 அன்று, கோழிக்கோடு மண்டலப் பொறியியல் கல்லூரி மாணவர் ராஜனைக் காவல்துறை பிடித்துச் சென்றது. அவருடைய தந்தை ஈச்சர வாரியர் 1977இல் கேரள உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். அந்த வழக்கின் விளைவாக முதலமைச்சர் கே. கருணாகரன் பதவி விலகினார். ராஜனின் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. ஆட்கொணர்வு மனு என்பது யாரோ சட்டத்துக்குப் புறம்பாக ஒருவரை அடைத்துவைத்திருக்கிறார்கள் என்ற ஐயத்துக்கு உரிய வழி. வெறுமனே காணாமல் போனவரைத் தேடித்தரச் சொல்வதற்கு அது பொதுவாகப் பொருந்தாது.

காத்திருக்கும் குடும்பத்துக்குச் சட்டம் வேறொரு கதவையும் வைத்திருக்கிறது. ஒருவர் உயிரோடு இருந்தால் இயல்பாக யாருக்கு அவரைப் பற்றித் தெரிந்திருக்குமோ அவர்களுக்கு ஏழு ஆண்டுகளாக எந்தச் செய்தியும் இல்லை என்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அப்படிச் சொல்பவர் மேல் விழும். பழைய சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு, இன்று பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 111ஆம் பிரிவு. உரிமையியல் நீதிமன்றத்தில் அறிவிப்புப் பெற்றால் வாரிசுரிமை, காப்பீடு, வங்கிக் கணக்கு முதலியவை நகரும். பேரிடர்களில் அரசுகள் இந்தக் காலத்தைத் தளர்த்தியதும் உண்டு. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலில் சிக்கிக் கடலில் காணாமல் போன கன்னியாகுமரி, திருவனந்தபுரம் கடற்கரை மீனவர்களின் குடும்பங்களுக்கு, ஏழு ஆண்டு காத்திருக்க விடாமல் இரு மாநில அரசுகளும் இழப்பீடு வழங்கின. 2020 ஆகஸ்ட் 6 இரவில் மூணாறு அருகே பெட்டிமுடியில் நிலச்சரிவு தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பைப் புதைத்தபோது, கயத்தாறு வட்டாரத்தில் வேர்கொண்ட தமிழ்க் குடும்பங்கள் உட்பட எழுபது பேர் பலியானார்கள். அவர்களில் நான்கு பேரின் உடல்கள் கிடைக்கவேயில்லை.

ஏழு ஆண்டு விதி இறப்பை மட்டுமே அனுமானிக்கிறது. எந்த நாளில், எப்படி இறந்தார் என்பதை அது சொல்வதில்லை. அந்த நாள் முக்கியம் என்றால் தனியாக மெய்ப்பிக்க வேண்டும். போனவர் ஒருநாள் வாசலில் வந்து நின்றால் அனுமானம் அத்தோடு விலகிவிடும். உரிமையியல் நீதிமன்றம் ஒருவரை இறந்தவராக அறிவித்தாலும் காவல் நிலையத்தில் இருக்கும் குற்ற வழக்கு தானாக முடிந்துவிடாது. சொத்துக்காக அந்த அறிவிப்பைப் பெற்ற குடும்பம், விசாரணையைத் தொடரச் சொல்லிக் கேட்கும் உரிமையை இழப்பதும் இல்லை.